தலைமேல் குருவி

ஆறரை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான், அது கிளம்புகிற நேரத்தில் இறங்கிவிட்டேன். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கண்டக்டருக்கும் தெரியாது, அவன் அப்போதுதான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். டிரைவர் வண்டியை உறும விட்டதும் சீட்டு அதிர்ந்தது, என் மடியில் இருந்த துணிக்கடைப் பையும் அதிர்ந்தது, அப்போது எனக்குள் ஒன்று சொன்னது, இறங்கு, காத்துக் கிடக்கட்டும். இறங்கினேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் அது திரும்பி மறைகிற வரைக்கும் பையை இடுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றேன். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. பொய் சொல்லக் கூடாது, குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பைக்குள் இருப்பது கோடிச் சேலை. என் அக்காள் வேலாத்தாள் நேற்று மத்தியானம் வால்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் செத்துப்போனாள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும், அது அவள் மேல் விழுந்த பிறகுதான் எடுப்பார்கள். பிறந்த வீடு என்று இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருவன். மலைமேல் அத்தனை பேரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், கிடத்தி வைத்த அவளும் சேர்ந்து காத்திருக்கிறாள் என்று நினைத்தபோது ஸ்டாண்டுக் கடையில் வாங்கிக் குடித்த டீ இனித்தது. அடுத்த பஸ் எட்டு மணிக்கு. ஒன்றரை மணி நேரம். நான் ஒரு காலத்தில் அவளுக்காகக் காத்துக் கிடந்ததும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். அதைக் கணக்குப் பார்த்து இறங்கவில்லை, ஆனால் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அந்தக் கணக்கு தானாக வந்து சேர்ந்தது. என் பெண்டாட்டி ருக்குமணி வீட்டில் முழங்கால் வீக்கத்தோடு கட்டிலில் இருக்கிறாள், இல்லாவிட்டால் கூட வந்திருப்பாள், கூட வந்திருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பாள். ஏழு மணிக்கு அக்காள் மகன் தண்டபாணி போன் செய்தான். "மாமா, ஏறிட்டீங்களா? ஆறரை பஸ்ஸுன்னு அத்தை சொன்னாங்க." கூட்டம், இடம் கிடைக்கவில்லை, எட்டு மணி பஸ்ஸில் வருகிறேன் என்றேன். "செரிங்க மாமா. பன்னண்டுக்கு ராகு காலம் பொறக்குது. அப்பறம் மழை வந்தா சுடுகாட்டுப் பாலத்து மேல தண்ணி வந்துரும், தூக்கிட்டுப் போக முடியாது. பன்னண்டுக்குள்ள எடுத்துரோணும்." நான் வந்துவிடுவேன் என்றேன். பதினொன்றுக்கு முன்னாலேயே போய்விடலாம், அதனால் பெரிய தப்பு ஒன்றும் இல்லை, கொஞ்சம் காக்க வைத்தது மாதிரியும் ஆச்சு, சமயத்துக்குப் போய்ச் சேர்ந்தது மாதிரியும் ஆச்சு என்று நினைத்தேன்.

இப்போது மணி பத்தேகால். எட்டு மணி பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நிற்கிறது, அதற்கு முன்னால் இரண்டு தேயிலை லாரி, ஒரு ஜீப், அதற்கும் முன்னால் ரோடு இல்லை. மலை இறங்கி வந்து ரோட்டில் படுத்திருக்கிறது. சிவப்பு மண், அதில் வேரோடு ஒரு மரம், மரத்துக்கு மேலே சரிவில் இரண்டு பாறைகள் விழலாமா வேண்டாமா என்று தொங்குகின்றன. மண் இன்னும் கஞ்சி மாதிரி வழிந்துகொண்டிருக்கிறது. மழைக்கோட்டுப் போட்ட போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே நின்று யாரையும் நடந்துகூடக் கடக்க விடவில்லை. எப்போது விழுந்தது என்று கேட்டேன். எட்டே முக்கால் இருக்கும் என்றார். ஆறரை பஸ் அதற்கு முன்னாலேயே தாண்டிப் போய்விட்டதாம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், அந்த வண்டிக்காரங்க தப்பிச்சாங்க என்றார். கீழே ஆழியாறிலிருந்து ஜேசிபி வர வேண்டும். எப்போது வரும்? வந்தால்தான் தெரியும். கண்டக்டர் முப்பது வயதுக்காரன், வெற்றிலை போட்ட வாய், எல்லாருக்கும் ஒரே பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், "மலை எறங்கி வந்து ரோட்டப் பாக்கோணும்னு ஆசப்பட்டிருச்சுங்க, நாம என்ன பண்றது?" பஸ்ஸுக்குள் புழுக்கம், ஈரத் துணி நாற்றம், யாரோ குழந்தை வாந்தி எடுத்த நாற்றம். இறங்கி வந்து தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே பார்த்தால் வெறும் பனி, வெள்ளையாக, அடி தெரியாமல். இங்கே போனில் டவர் இல்லை. வளைவுக்குப் பக்கத்தில் மைல் கல் இருக்கிற இடத்தில் நின்றால் ஒரு கோடு வருகிறது, எல்லாரும் அங்கே போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். இருபது அடிகூட இருக்காது. நான் போகவில்லை. போய்த் தண்டபாணியைக் கூப்பிட்டு என்ன சொல்வது? ரோடு அடைச்சிருக்குது என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை அந்த வீட்டு ஆட்களிடம் நான் சொல்லக் கூடாது. வேறு எவன் சொன்னாலும் நம்புவார்கள். நான் சொல்லக் கூடாது.

என் கல்யாணம் நாற்பத்து நான்கு வருசத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு ஐப்பசியில். அன்றைக்கும் மழை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்று ஒன்று உண்டு, தாலி கட்டுவதற்கு முன்னால் கூடப்பிறந்தவளை மாப்பிள்ளைக்கு இணையாக நிறுத்திச் செய்வது. துணியின் ஒரு முனை அவள் கையில், மறு முனை இவன் கையில். பெண்டாட்டி என்று ஒருத்தி வந்த பிறகும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்பதற்கு அது. கூடப்பிறந்தவள் இல்லாமல் அது நடக்காது. எனக்கு இருந்தது ஒரே அக்காள். அவளைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு, அவள் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் மேஸ்திரி. நான் போய் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்திருக்க வேண்டும். மலையேறினால் எனக்கு வாந்தி வரும், அதனால் பத்திரிகையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். முகூர்த்தம் காலை ஏழரைக்கு. முதல் நாள் ராத்திரி அவள் வரவில்லை. விடிந்தும் வரவில்லை. மாலையும் கழுத்துமாகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன், சடங்கு நடத்துகிற அருமைக்காரர் மூன்று தடவை வாசலைப் பார்த்துவிட்டு வந்தார், பெண் வீட்டுக்காரர்கள் சமையல் பந்தலுக்குப் பின்னால் நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஆறு மணியிலிருந்து ஏழேகால் வரைக்கும். என் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை காலியாக இருந்தது. அந்தக் காலிப் பலகையை நான் இன்றைக்கும் பார்க்கிறேன், அதில் பச்சரிசி மாவுக் கோலம் போட்டிருந்தது, ஒரு எறும்பு அந்தக் கோட்டின் மேலேயே நடந்துபோனது. மச்சான் கோபித்துக்கொண்டு அனுப்பவில்லை, நேரில் அழைக்கவில்லை அல்லவா, அதைக் காட்டுகிறார் என்று யாரோ என் காதில் சொன்னார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் எனக்கே தோன்றியிருக்கும், தப்பு என் பக்கம் இருந்ததால் அப்படித்தான் தோன்றும். ஏழேகாலுக்குப் பெரியப்பா மகள் ஒருத்தியைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். அவள் கை வேர்த்துப் போயிருந்தது. துணியின் அந்த முனையை அவள் பிடித்திருந்தாள், விட்டுவிட மாட்டேன் என்று நான் யாரோ ஒருத்தியிடம் சொன்னேன்.

முதலில் அதை இலை என்று நினைத்தேன். என் செருப்பு முனைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒன்று விழுந்தது. இலைக்குக் கண் இருக்காது. சாம்பல் தலை, வயிறு மஞ்சள், உடம்பு என் கட்டைவிரல் அளவு. குருவி. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது, என்னை என்றால் என்னை அல்ல, என் காலுக்கு அடியில் ஓடிய ஒரு பூச்சியை. தாவிப் பூச்சியைப் பிடித்தது, பிடித்துவிட்டு என் செருப்பின் கட்டைவிரல் வார்மேல் ஏறி நின்று விழுங்கியது. நான் மூச்சை அடக்கினேன். ஏன் அடக்கினேன் என்று தெரியவில்லை. நாற்பது வருசம் தேங்காய்க் களத்தில் மட்டை உரித்தவன் நான், அங்கே குருவி இருக்கும், மைனா இருக்கும், காக்கை இருக்கும், எல்லாம் மண்ணில் நட்ட இரும்புப் பாரையில் தேங்காய் குத்துகிற சத்தத்துக்கே பத்தடி தள்ளிப் போய்விடும், மனுசன் கையைத் தூக்கினால் பறந்துவிடும், அதுதான் பறவை. இது போகவில்லை. காலை அசைத்துப் பார்த்தேன். செருப்போடு சேர்ந்து அதுவும் அசைந்தது. இன்னொன்று தடுப்புச் சுவரில் வந்து இறங்கியது, என் கைக்கும் துணிக்கடைப் பைக்கும் நடுவில். இன்னும் இரண்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கிழவர்கள் கண்ணாடி போட்ட மாதிரி. ஒன்று லாரி டிரைவரின் தோளில் உட்கார்ந்து எழுந்து போனது, அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை, பீடியைப் பற்ற வைத்தான். கண்டக்டர் பஸ் படியைக் காட்டிச் சத்தம் போட்டான், "ஏனுங் சாமி, டிக்கெட் வாங்காம ஏறுது பாருங்க! எறங்கு, எறங்கு, அடுத்த ஸ்டாப்புல செக்கிங் இருக்குது." படியில் ஒன்று உட்கார்ந்திருந்தது, அவன் கையை வீசியும் எழவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்ற பேச்சியம்மாள் என்கிற அம்மாள், எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிட்டயரானவள், பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் வந்தவள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள், "இதுக இப்படித்தான் அண்ணாச்சி. மண்ணு பொரண்டா புழுவும் பூச்சியும் வெளிய வரும்லா, அதுக்கு வந்துரும். மனுசாள் இருக்கான்னே பாக்காது. நானும் இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து பாக்கேன், ரோடு அடச்சா குருவி வரும். எம் மவ சின்னப்பிள்ளையில சோத்துக் கிண்ணத்துல வந்து உக்காந்திருக்கு." எத்தனை வருசமாக என்று கேட்டேன். "அது கெடக்கு அம்பது வருசம்" என்றாள்.

அன்றைக்கு அக்காள் வந்தது பதினொரு மணிக்கு. தாலி கட்டி, பந்தி முடிந்து, எச்சில் இலையை நாய் இழுத்துக்கொண்டிருந்த நேரம். முழங்கால் வரைக்கும் சேறு, சேலை உடம்போடு ஒட்டியிருந்தது, இடுப்பில் ஒரு வயசுப் பையன், தண்டபாணி, பின்னால் மச்சான் சீர்க்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு. அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அழுதுகொண்டு வந்திருந்தால் எல்லாம் வேறாக இருந்திருக்கும். "ரோடு அடைச்சிருச்சுடா சாமி. நேத்து பொழுதோட கெளம்பி ராத்திரி பூரா மலைலயே கெடந்தம். விடிஞ்சதும் பாத்தா குருவிடா. பயமே இல்லாம கைல வந்து உக்காருது, சீர்க்கூடை மேல உக்காருது. இவன் தலை மேல உக்காந்துச்சுடா, அந்நேரம் நீ பாத்திருக்கோணும்." அவள் ஏன் சிரித்தாள் என்று இப்போது தெரிகிறது, பயந்துபோய்ச் சிரித்தாள், தம்பி முகத்தைப் பார்த்ததும் எதையாவது சொல்லி அவனைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள், சின்ன வயசிலும் அப்படித்தான், அப்பன் அடித்தால் எனக்கு வேடிக்கை காட்டுவாள். அப்போது தெரியவில்லை. பந்தல் முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "செரி" என்றேன். அவ்வளவுதான். செரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசின வார்த்தை ஒன்றும் இல்லை. பேசவில்லையே தவிர அவளைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. களத்தில் யாராவது வேலைக்கு நேரம் கழித்து வந்தால், என்னடா குருவி கூடக் கொஞ்சிட்டு வர்றியா என்பேன், எல்லாரும் சிரிப்பார்கள், ஊரில் அது ஒரு பேச்சாகவே போய்விட்டது. எந்தக் குருவி வந்து மனுசன் தலையில் உட்காரும்? சொல்லுங்கள், எந்தக் குருவி? பொய் சொல்கிறவர்கள் சின்னதாகச் சொல்ல வேண்டும், அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லி, அந்தக் குருவியை வைத்தே அது பொய் என்று ஊருக்கு நிரூபித்தேன். வால்பாறையிலிருந்து வந்திருந்த சித்தப்பாகூடச் சொன்னாரே, ரோடு நல்லாத்தான இருந்துச்சு, நான் வந்தேனே என்று. அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆதாரம். அவர் எப்போது வந்தார்? பந்தல்கால் நடும்போது இருந்தார். பந்தல்கால் முதல் நாள் காலையில் நட்டோம். அவர் வந்தது அதற்கும் முந்தின நாள். முந்தின நாள் வந்தவருக்கு மறுநாள் ராத்திரி ரோடு எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? இத்தனை வருசத்தில் இதை ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லையா, யோசிக்க விடவில்லையா? அவர் செத்தும் இருபது வருசம் ஆகிறது, போய்க் கேட்க முடியாது.

மணி பத்து ஐம்பது. மைல் கல் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு பெண் அங்கே நின்று சிரித்துப் பேசுகிறாள். எழுந்து போ, போய்ச் சொல்லு, அவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொள்வார்கள், காத்திருப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். எழ முடியவில்லை, பையின் மேல் இப்போது ஒன்று உட்கார்ந்திருக்கிறது. குருவி உட்கார்ந்திருப்பதால் எழவில்லை என்றால் அது ஒரு காரணமா? நேற்றுச் சாயங்காலம் துணிக்கடையில் பையன் கேட்டான், யாருக்குங்க, என்ன வயசு, என்ன நெறம் கட்டுவாங்க? எனக்குத் தெரியவில்லை. அக்காள் என்ன நிறம் கட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியாகப் பார்த்தது பழனியில் தூரத்திலிருந்து, படிக்கட்டில், முக்காடு போட்டிருந்தாள், அது ஆகிப் பதினெட்டு வருசம். அரக்கு என்று சொன்னேன், சும்மா வாயில் வந்தது. கோடிக்கு என்றதும் பையன் முகம் மாறி, விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். தண்டபாணிக்குக் காது குத்தினபோது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க என்னைக் கூப்பிட்டார்கள், போகவில்லை, யாரோ ஒருவன் மடியில் வைத்துக் குத்தினார்களாம். அவன் கல்யாணத்துக்கு அவனே பத்திரிகையோடு வந்தான், மலையிலிருந்து நேரில் வந்தான், களத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் பாரையிலிருந்து தேங்காயை எடுக்காமலே கேட்டேன், "ஏண்டா, உந்தலைல குருவி உக்காந்துச்சாமா? நெசமா?" எல்லாரும் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப்போனது. "அம்மா அப்படித்தான் சொல்லுதுங்க மாமா" என்றான். அவ்வளவுதான் சொன்னான், கோபப்படவில்லை, பத்திரிகையைத் தட்டில் வைத்துத் தேங்காய் மட்டைக் குவியல் மேல் வைத்துவிட்டுப் போனான். அக்காள் மட்டும் விடவில்லை. வருசா வருசம் தை மாதம் பஸ்ஸில் தேயிலைத்தூள் கொடுத்து அனுப்புவாள், இரண்டு பொட்டலம். தூக்கி எறி என்று ருக்குமணியிடம் சொல்வேன். எறிந்துவிட்டதாகச் சொல்வாள். நேற்றுச் சாவுச் செய்தி வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள், "முப்பது வருசமா நீங்க குடிக்கற டீ உங்கக்கா குடுத்ததுதானுங்க. கடைத்தூளோட கலந்து போட்டுருவேன். நல்லா இருக்குதுன்னு சொல்லுவீங்கல்ல, அதான்." அதனாலேயே காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கினேனோ என்னவோ. ஏமாற்றிவிட்டார்கள் என்கிற கோபம். செத்த பிறகும் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டாளே என்கிற கோபம். கோபத்துக்கு எப்போதும் எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், மண்ணைக் கிளறினால் புழு கிடைக்கிற மாதிரி.

செத்தவர்கள் பறவையாக வருவார்கள் என்று சொல்வார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பையின் மேல் இருப்பது என் அக்காள் இல்லை. அது புழுவுக்கு வந்தது, மழை நின்றால் போய்விடும். அப்படி அது அவளாக இருந்தால்கூடப் பரவாயில்லை, மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போகலாம். வெறும் குருவியாக இருப்பதுதான் தாங்கவில்லை. வெறும் குருவி, அம்பது வருசமாக இந்த வளைவில் இப்படித்தான் இருந்திருக்கிறது, யார் வந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தால் போதும், நான் வரவில்லை. வாந்தி வரும் என்று வரவில்லை. இன்றைக்கு வாந்திகூட வரவில்லை. அதன் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. விரலை நீட்டினேன். மட்டை உரித்து உரித்து நகம் பிளந்துபோன விரல். விரலைப் பார்த்தது, அதில் பூச்சி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பையைக் கொத்தியது. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பிடி சதை, அதற்கு என்னிடம் பயம் இல்லை, என்னைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, இவன் யார், எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் ஒரு உயிர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கீழே பனிக்குள்ளிருந்து இரும்புச் சத்தம் கேட்டது. ஜேசிபி. "வந்துருச்சுங்கோ" என்று கண்டக்டர் கத்தினான். பதினொன்று இருபது. பையைத் தூக்கினேன், குருவி நகர்ந்தது. மைல் கல்லுக்கு இருபது அடி, என் கால் அதைப் பத்து நிமிசமாக நடந்தது போல் இருந்தது. ஒரு கோடு வந்தது. பதினோரு அழைப்பு தவறிப்போயிருந்தது, எல்லாம் தண்டபாணி. நான் அழுத்துவதற்குள் அவனே கூப்பிட்டான்.

"மாமா, எங்கீங்க இருக்கறீங்க?" பின்னால் பறைச் சத்தம், பெண்கள் ஒப்பாரி, தண்ணீர் ஊற்றுகிற சத்தம். "மாப்ள, ரோடு அடைச்சிருக்குது" என்றேன். சொல்லிவிட்டேன். "ஆறரை பஸ்ஸு வந்துருச்சுங்களே மாமா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "ஒன்பதேகாலுக்கே வந்துருச்சு. ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பிச்சனுங்க. பாதி வண்டி காலியா இருந்துச்சுன்னாங்க." நான், அது இல்லை மாப்ள, அதற்கப்புறம் விழுந்திருக்குது, எட்டே முக்காலுக்கு, போலீஸ்காரர் இருக்கிறார், அவரிடம் வேண்டுமானால் போனைக் கொடுக்கிறேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன், பொய் சொல்கிறவன்தான் இத்தனை சொல்வான் என்று எனக்கே கேட்டது. "இல்லைங்க மாமா, வேண்டாம். மழை மறுபடி இருட்டிட்டு வருது. பாலத்துல தண்ணி ஏறுதுன்னு சொல்றாங்க. பங்காளி மொறைல மாசிலாமணி மாமா இங்க பக்கத்து எஸ்டேட்ல இருக்கறாருங்க. அவருகிட்டக் கோடி வாங்கிப் போட்டுட்டம். இப்ப எடுக்கறம்." மாசிலாமணி. அந்தப் பெரியப்பா மகளின் தம்பி. அவள் உட்கார்ந்த பலகை, இவன் போட்ட கோடி. என்ன நிறம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. "மாப்ள, ஒரு அரை மணி நேரம். ஜேசிபி வந்துருச்சு. நெசமாலுமே அடைச்சிருக்குது, உங்கம்மா மேல சத்தியமா. இங்க வந்து பாரு, குருவி..." நாக்கு அதில் வந்து நின்றது. ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "குருவி வந்து மேல உக்காருது மாப்ள. பயமே இல்லாம." பறைச் சத்தம் திடீரென்று உரக்க வந்தது, தூக்கிவிட்டார்கள் போலிருக்கிறது, ஒருத்தி, எங்கம்மா, போறியே என்று கத்தினாள். அதற்குள்ளிருந்து அவன் குரல் வந்தது, கோபம் இல்லை, கேலிகூட இல்லை.

"செரிங்க மாமா" என்றான். போன் நின்றுபோனது.

ஜேசிபி மண்ணை அள்ளிப் பள்ளத்தில் தள்ளுகிறது. ஒவ்வொரு தடவையும் கீழே பனிக்குள் விழுகிற சத்தம் நேரம் கழித்துக் கேட்கிறது. எல்லாரும் அங்கே போய் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேச்சியம்மாளும், கண்டக்டரும், போலீஸ்காரரும். நான் மைல் கல் மேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் சேலை. இனி இதை யாருக்கும் போட முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது, கோடிக்கு எடுத்ததை ருக்குமணி கட்ட முடியாது. ரோடு திறந்தால் பஸ் மேலேதான் போகும், நானும் மேலேதான் போக வேண்டும், போனால் கழுவிவிட்ட வாசல் இருக்கும், காலிக் கட்டில் இருக்கும், அங்கே தண்டபாணி என் முகத்தைப் பார்ப்பான். அப்போது தலையில் ஏதோ பட்டது. மழைத்துளி என்று நினைத்தேன். மழைத்துளி நடக்காது. நான்கைந்து மயிர்தான் இருக்கிறது என் உச்சியில், அதற்கு நடுவில் முள் மாதிரி ஈரமாகச் சின்ன நகங்கள், பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கனமே இல்லை. என்னால் அதைப் பார்க்க முடியாது. கையைத் தூக்கவும் பயமாக இருக்கிறது. யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும், யாராவது ஒருவர் பார்த்தால் போதும், ஆமாம் இருந்தது என்று அவனிடம் ஒருவர் சொன்னால் போதும். "கண்டக்டரே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. "இங்க பாருங்க, எந்தலையப் பாருங்க, யாராச்சும் பாருங்க" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். ஜேசிபி சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அத்தனை கத்தியும் தலைமேல் இருந்தது மட்டும் அசையவே இல்லை.